அழாத பிள்ளை

கணிதத் துறை முன்னாள் மாணவர் ஒருவர்

ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழுப் பேராசிரியர் கேட்டுக்கொண்டார். "ஆப்பிரிக்காவில் இரண்டு ஆண்டுகள் ஆசிரியராக இருந்தீர்களே, அதை எழுதுங்கள். சிங்கம், யானை எல்லாம் வரட்டும், மாணவர்கள் விரும்பிப் படிப்பார்கள்" என்றார். அவரை ஏமாற்றத்தான் வேண்டியிருக்கிறது. நான் அங்கே சிங்கத்தையும் பார்க்கவில்லை, யானையையும் பார்க்கவில்லை. ஆடு, மாடு, குதிரை, கழுதை, இவற்றைத்தான் பார்த்தேன். பிள்ளைகளைப் பார்த்தேன். அவர்களைப் பற்றித்தான் எழுத முடியும்.

நான் போன நாடு லெசோத்தோ. எழுத்தில்தான் அப்படி, அந்நாட்டு மக்கள் வாயில் அது 'லெசூத்து'. நான்கு பக்கமும் தென்னாப்பிரிக்கா சூழ்ந்திருக்க, நடுவில் கோட்டை போல் நிற்கும் மலைநாடு. பரப்பு 30,355 சதுர கிலோமீட்டர். நம் தமிழ்நாட்டில் கால் பங்குகூட இல்லை. நாட்டின் மிகத் தாழ்ந்த இடமே கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1966ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் ஆங்கிலேயரிடமிருந்து விடுதலை பெற்றது. நான் இருந்தது தாபா-செக்கா மாவட்டத்து மலையூர் ஒன்றில். உதகமண்டலத்தின் உயரம் என்று வைத்துக்கொள்ளலாம்.

தலைநகர் மசேருவிலிருந்து அங்கே போக ஒருநாள் ஆயிற்று. பாதி வழிக்கு மேல் சரளைச் சாலை. வழியில் ஒரு கணவாய். அதன் பெயருக்குப் பொருள் 'கடவுளே, எனக்கு உதவும்' என்பது. பெயரைக் கேட்டுச் சிரித்தேன். வண்டி அந்த ஏற்றத்தில் திரும்பியபோது சிரிப்பு நின்றுவிட்டது. அந்தப் பெயரையே நானும் முணுமுணுத்தேன்.

2004 ஜனவரியில் போய்ச் சேர்ந்தேன். தொண்டு அமைப்பு ஒன்றின் வழியாகக் கணித ஆசிரியர் வேலை. சம்பளம் என்று பெரிதாக இல்லை. உணவுக்கும் உடைக்கும் போதுமான படி உண்டு. தங்குவதற்கு ஒரு வட்டக் குடிசை. கற்சுவர், புல் வேய்ந்த கூரை, சாணம் மெழுகிய தரை. மின்விளக்கு இல்லை. தண்ணீருக்கு ஊற்றுக்குப் போக வேண்டும். அந்த மாவட்டத்தில்தான் கட்சே அணை இருக்கிறது. 1986இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, 1998 முதல் அம்மலைகளின் தண்ணீர் சுரங்கங்கள் வழியே தென்னாப்பிரிக்காவின் பெருநகரங்களுக்குப் போகிறது. எங்கள் பள்ளிப் பிள்ளைகளோ தலையில் வாளி சுமந்து ஊற்றுத் தண்ணீர் கொண்டு வந்தார்கள். நானும் அவர்களோடு சேர்ந்துகொண்டேன். தலையில் வாளி வைத்து நடக்க எனக்கு வரவில்லை. கையில் தூக்கி வந்தால் பாதி வழியில் பாதித் தண்ணீர். சிறுமிகள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

முதல் மாதத்தில் என்னைத் திணற அடித்தது வணக்கம் சொல்லும் முறை. எதிர்ப்படும் எவரையும் வணங்காமல் கடந்து போகக் கூடாது. ஆண் என்றால் 'ந்டாடே', அதாவது தந்தையே. பெண் என்றால் 'ம்மே', அதாவது தாயே. வணக்கச் சொல்லை 'லுமேலா' என்று எழுதிவிட்டு 'டுமேலா' என்று சொல்வார்கள். அதற்குப் பிறகு 'எங்கிருந்து வருகிறீர்? எங்கே போகிறீர்?' என்ற கேள்விகள். வெள்ளைக்காரத் தொண்டர்கள் சிலர் இக்கேள்விகளுக்கு எரிச்சல் அடைவதுண்டு. எனக்கு மட்டும் அது நம் ஊர்த் திண்ணையில் கேட்ட குரலாகவே பட்டது.

உணவும் அப்படித்தான். மக்காச்சோள மாவைக் கிண்டிய கெட்டிக் களியை 'பாபா' என்பார்கள், தொட்டுக்கொள்ளக் கீரை. கேழ்வரகுக் களி தின்று வளர்ந்த தருமபுரிப் பக்கத்துக்காரனுக்கு இதில் என்ன கஷ்டம்? சோள மாவைப் புளிக்கவைத்துக் காய்ச்சிய கூழும் உண்டு. அடுப்பெரிக்க வறட்டி. கடல் கடந்து வந்தும் பாட்டி வீட்டுக்கே வந்துவிட்டோமோ என்று தோன்றும்.

ஊர்ப் பெரியவர் ஒருவர் ஒருநாள் கேட்டார்: "உமக்கு உம் நாட்டில் எத்தனை ஆடு இருக்கிறது?" "ஒன்றும் இல்லை" என்றேன். "மாடு?" "அதுவும் இல்லை." அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். அன்று மாலை பக்கத்து வீட்டு அம்மையார் ஒரு தட்டு நிறையக் களியும் கீரையும் மூடி அனுப்பினார். ஆடு மாடு இல்லாத ஏழை ஒருவன் வெளிநாட்டிலிருந்து வந்திருக்கிறான் என்ற செய்தி ஊர் முழுவதும் பரவியிருந்தது. உதவி செய்யப் போனவன் நான் என்ற எண்ணத்திலிருந்து அந்தத் தட்டு என்னைக் கொஞ்சம் கீழே இறக்கியது.

பள்ளி காலை ஏழரை மணிக்குத் தொடங்கும். முற்றத்தில் பிள்ளைகள் வரிசையாக நின்று பாடுவார்கள். சொல்லிக் கொடுக்க எவரும் இல்லாமலே நான்கு குரல்களாகப் பிரிந்து பாடுவார்கள். மலையில் பட்டு அது திரும்பி வரும். பாடும்போது அத்தனைக் குரல் எழுப்புகிற பிள்ளைகள் வகுப்பறைக்குள் வந்ததும் ஊமையாகிவிடுவார்கள். ஆங்கிலத்தில் பாடம். கேள்வி கேட்டால் தலை குனிந்துகொள்வார்கள். பெரியவர் முகத்தை நேருக்கு நேர் பார்ப்பது மரியாதை ஆகாது என்பது அவர்கள் வளர்ப்பு. தெரிகிறதா தெரியவில்லையா என்பதைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு.

ஒருநாள் அவர்களை வெளியே அழைத்துப் போனேன். அங்கே நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் வடக்கேதான் நிற்கும். நிழல் தெற்கே விழும். ஒரு கோலை நட்டு அதன் நிழலையும், பள்ளி வாசலில் நின்ற மரத்தின் நிழலையும் அளந்து, மரத்தின் உயரத்தைக் கணக்கிடச் சொன்னேன். மேய்ப்பர் கம்பளி போர்த்திய பெரிய பையன்கள் முதல்முறையாக வாய் திறந்து சண்டை போட்டார்கள். அன்று நல்ல ஆசிரியன் ஆகிவிட்டோம் என்று எண்ணிக்கொண்டேன். அந்தப் பெருமை மார்ச்சு மாதம் வரையில்தான் நீடித்தது.

இங்கே ஒன்றை விளக்க வேண்டும். லெசோத்தோவில் 2000ஆம் ஆண்டு முதல் தொடக்கக் கல்வி இலவசம் ஆக்கப்பட்டது. ஆண்டுக்கு ஒரு வகுப்பாக 2006இல் ஏழாம் வகுப்பு வரை அது எட்டியது. ஆனால் உயர்நிலைப் பள்ளியில் கட்டணம் இருந்தது. பெரும்பாலான பள்ளிகளைத் திருச்சபைகள் நடத்தும். ஆசிரியர் ஊதியத்தை அரசு கொடுக்கும். சமையற்காரர் கூலி, விறகு, சாக்குக்கட்டி, உடைந்த கண்ணாடி, எல்லாம் பிள்ளைகள் கட்டும் பணத்திலிருந்துதான். ஊரில் அதைப் பணக் கணக்காகப் பேச மாட்டார்கள். "ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு மூன்று ஆடு" என்பார்கள்.

முன்பெல்லாம் சுரங்கக் கூலி இருந்தது. 1980களின் இறுதியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பசோத்தோ ஆண்கள் தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில் வேலை செய்தார்கள். அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அதில் பாதி வேலை போய்விட்டது. திரும்பி வந்தவர்கள் பலர் நுரையீரல் நோயோடு வந்தார்கள். கூடவே எய்ட்ஸ். நான் இருந்த நாளில் வயது வந்தவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு அந்தக் கிருமி இருந்தது. மருந்து அப்போதுதான் நாட்டுக்குள் வரத் தொடங்கியிருந்தது. ஊரில் யாரும் நோயின் பெயரைச் சொல்ல மாட்டார்கள். "நீண்ட நாள் நோய்" என்பார்கள். சனிக்கிழமைதோறும் ஏதாவது ஒரு குன்றில் அடக்கச் சடங்கு நடக்கும்.

மார்ச்சு மாதம் ஒரு திங்கட்கிழமை தலைமையாசிரியை அம்மையார் என் கையில் ஒரு தாளைக் கொடுத்தார். என் வகுப்பில் கட்டணம் கட்டாதவர்கள் பட்டியல், பதினோரு பெயர்கள். வகுப்பாசிரியர் படிக்க வேண்டும். பெயர் வந்தவர்கள் வீட்டுக்குப் போய்ப் பணத்தோடுதான் திரும்ப வேண்டும். இது அப்பள்ளியில் ஆண்டுதோறும் நடப்பது. நான் படித்தேன். பெயர்களைப் பிழையில்லாமல் உச்சரிக்க வேண்டுமே என்பதில்தான் என் கவனம் முழுவதும் இருந்தது என்று இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஏழாவது பெயர் மூன்றாம் வரிசையில் சன்னலோரம் உட்காரும் ஒரு பெண்ணுடையது. கணக்கில் கெட்டிக்காரி என்று சொல்ல முடியாது. மட்டம் என்றும் சொல்ல முடியாது. மூன்று மாதத்தில் அவள் குரலை நான் ஒரு தடவைகூடத் தனியாகக் கேட்டதில்லை. அவள் எழுந்தாள். பள்ளியில் வாடகைக்குக் கொடுத்த கணிதப் புத்தகத்தைப் பையிலிருந்து எடுத்தாள். செய்தித்தாளால் அட்டை போட்டிருந்தாள். அதை மேசைமேல் நேராக வைத்து, கையால் ஒருமுறை தடவிவிட்டு, வெளியே போய்விட்டாள். மற்றவர்கள் புத்தகத்தோடு போனார்கள். அவள் மட்டும் வைத்துவிட்டுப் போனாள். திரும்பி வர மாட்டோம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

அன்றிரவு மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்ற வைக்கும்போது ஒரு பழைய நினைவு வந்தது. நான் ஆறாம் வகுப்பில் படித்தபோது ஸ்பெஷல் பீசு கட்டாததற்காக இரண்டு நாள் வராந்தாவில் நின்றிருக்கிறேன். உள்ளே ஆசிரியர் சொல்லும் எண்கள் காதில் விழும், கரும்பலகை தெரியாது. மூன்றாம் நாள் அப்பா ஓர் ஆட்டை விற்றுப் பணம் கொடுத்தார். நான் பெரியவனாகி வாத்தியார் ஆனால் எவனையும் வெளியே நிறுத்த மாட்டேன் என்று அந்த வராந்தாவில் சபதம் செய்தவன் நான். அதே நான்தான் அன்று காலை பதினோரு பேரை, அதுவும் நல்ல உச்சரிப்போடு, வெளியே அனுப்பியிருக்கிறேன்.

மறுநாள் காலை, சேர்த்து வைத்திருந்த பணத்தை எடுத்துக்கொண்டு தலைமையாசிரியையிடம் போனேன். "அந்தப் பெண்ணுக்கு நான் கட்டிவிடுகிறேன்" என்றேன். அவர் பணத்தைத் தொடவில்லை.

"ந்டாடே, நீங்கள் படித்தது பதினோரு பெயர். ஏன் இவளுக்கு மட்டும்?"

என்னிடம் பதில் இல்லை.

"அடுத்த ஆண்டும் நீங்கள் கட்டுவீர்கள். அதற்கு அடுத்த ஆண்டு நீங்கள் உங்கள் ஊரில் இருப்பீர்கள். அப்போது அவள் யாரைப் பார்த்து நிற்பாள்?"

கோபமாகச் சொல்லவில்லை. இதுபோல் உணர்ச்சிவசப்பட்டு வந்து நின்ற தொண்டர்கள் பலரை அவர் பார்த்திருக்க வேண்டும். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். தாய் தந்தையை இழந்த பிள்ளைகளுக்கு அரசு தரும் கல்வி உதவித்தொகைக்கான படிவம். "இது பலருக்குக் கிடைக்கும். ஆனால் கேட்க வேண்டும். கேட்கிற பிள்ளைகள் கேட்கிறார்கள். இவள் கேட்கவில்லை" என்று சொல்லி, அவர்கள் மொழியில் ஒரு பழமொழி சொன்னார்: "ங்வானா யா சா லெங் ஓ ஷ்வேலா தாரிங்." பசோத்தோத் தாய்மார் குழந்தையை முதுகில் ஆட்டுத்தோலால் கட்டிச் சுமப்பது வழக்கம். 'அழாத பிள்ளை முதுகுத் தோலிலேயே செத்துப்போகும்' என்பது அதன் பொருள்.

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்று நாம் சொல்கிறோம். அதன் மறுபாதியை நான் அங்கேதான் கேட்டேன்.

என் பணத்தை அவர் வேறு வகையில் ஏற்றுக்கொண்டார். மற்ற ஆசிரியர்களும் கொஞ்சம் கொஞ்சம் போட்டார்கள். "இது தானம் அல்ல, முன்பணம். உதவித்தொகை வந்ததும் திருப்பித் தருவேன்" என்று கணக்கெழுதி ரசீதும் கொடுத்துவிட்டார்.

அடுத்து வந்த சனிக்கிழமைகளில் செசோத்தோ மொழியாசிரியரும் நானும் வீடு வீடாகப் போனோம். அந்தப் பெண்ணின் ஊர் ஆற்றைத் தாண்டி இரண்டு மணி நேர நடை. இந்தத் தொலைவை அவள் தினமும் நடந்து ஏழரை மணிக்கு வந்திருக்கிறாள். ஒருநாள்கூடத் தாமதமாக வந்ததாக வருகைப் பதிவேட்டில் இல்லை. வீட்டில் பாட்டியும் இரண்டு தம்பிகளும் இருந்தார்கள். தந்தை சுரங்கத்திலிருந்து இருமலோடு வந்து இறந்துவிட்டார். இரண்டு ஆண்டு கழித்துத் தாய், அந்த நீண்ட நாள் நோயில். ஆடுகள் இரண்டு அடக்கச் சடங்குகளிலும் தீர்ந்துவிட்டன.

பாட்டி எனாமல் குவளையில் புளித்த கூழ் கொடுத்தார். குடித்துக்கொண்டிருந்தபோது என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். மொழியாசிரியர் தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தார்: "உமக்குத் தாய் இருக்கிறாளா? இருந்தால் அவளை விட்டு ஏன் இவ்வளவு தூரம் வந்தீர்?" கணக்குச் சொல்லிக் கொடுக்க வந்தேன் என்றேன். கிழவி சிறிது நேரம் யோசித்தார். "இங்கே கணக்குச் சொல்ல ஆள் இல்லாமல் போனது உண்மைதான்" என்றார். அந்தப் பெண் கதவோரம் நின்று நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதும் பேசவில்லை.

பிறகு காகிதங்கள். தந்தை தாய் இறப்புச் சான்று வேண்டும். தாய் வீட்டிலேயே இறந்ததால் சான்று இல்லை. ஊர்த் தலைவர் கடிதம் தர வேண்டும். அங்கே ஊர்த் தலைமை பல இடங்களில் பெண்களிடம் இருக்கிறது. அந்த அம்மையார் மாவு அரைத்த கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அங்கேயே எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். மாவட்ட அலுவலகத்தில் அது போதாது என்றார்கள், மறுபடியும் போனோம். நான்கு பிள்ளைகளுக்காக எத்தனை நடை நடந்தோம் என்று எண்ணவில்லை. ஏப்ரல் கடைசியில் அந்தப் பெண் வகுப்புக்குத் திரும்பினாள். அவளுடைய புத்தகத்தை நான் எடுத்து வைத்திருந்தேன், கொடுத்தேன். ஆகஸ்டில் உதவித்தொகை உறுதியாயிற்று. செப்டம்பரில் முன்பணம் எனக்குத் திரும்பி வந்தது. தலைமையாசிரியை ஒரு காசு குறைக்கவில்லை.

கதை இங்கே முடிந்தால் நன்றாக இருக்கும். ஆனால் பட்டியலில் இருந்தவர்கள் பதினோரு பேர். மூவர் ஆடு விற்றோ, உறவினர் உதவியாலோ ஒரு மாதத்தில் திரும்பினார்கள். நால்வருக்கு உதவித்தொகை கிடைத்தது. ஒரு பையன் அடுத்த ஆண்டு தானாகவே வந்து சேர்ந்தான். எஞ்சிய மூவர் வரவே இல்லை.

அந்த மூவரின் ஊர் ஒரு கணவாய்க்கு அப்பால். குதிரையில் போக வேண்டும். எனக்குக் குதிரை ஏற வராது. "குளிர்கால விடுமுறை முடியட்டும்" என்றேன். சூலையில் பனி கொட்டியது. வாழ்க்கையில் முதல்முறையாகப் பனியைப் பார்த்த நான், மூன்று கம்பளி போர்த்திக்கொண்டு அதைப் படம் பிடித்துக்கொண்டிருந்தேன். ஆகஸ்டில் விசாரித்தபோது ஒரு பெண்ணுக்குத் திருமணம் ஆகியிருந்தது. இன்னொருத்தி அக்காளோடு மசேருவுக்குப் போய் ஆடைத் தொழிற்சாலை வாசலில் வேலைக்கு நிற்பதாகச் சொன்னார்கள். பையன் வேறொருவர் மந்தைக்கு மேய்ப்பனாகிவிட்டான். ஆண்டு முடிவில் அவனுக்குக் கூலி ஒரு மாடு. மற்றவர்களுக்கு நடந்த நடையில் ஒன்றை அவர்களுக்காகவும் நடந்திருக்கலாம். நான் நடக்கவில்லை. அந்த மூன்று பெயர்களையும் நான் இன்றும் பிழையில்லாமல் உச்சரிப்பேன்.

2005ஆம் ஆண்டு வேறு முறையில் தொடங்கினோம். பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே மொழியாசிரியரும் நானும் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகக் கூப்பிட்டு வீட்டு நிலையைக் கேட்டோம். கேட்டவர்கள் நாங்கள், அவர்கள் கேட்கக் காத்திருக்கவில்லை. மார்ச்சு வருமுன் படிவங்கள் போய்விட்டன. அந்த ஆண்டுப் பட்டியலில் நான்கே பெயர்கள் இருந்தன. எந்தக் காகிதம் எந்த அலுவலகத்தில், எந்தக் கிழமையில் கிடைக்கும், சான்று இல்லாவிட்டால் என்ன செய்வது என்பதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். டிசம்பரில் ஊர் திரும்பும்போது அந்த நோட்டை மொழியாசிரியரிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

2007இல் அவரிடமிருந்து கடிதம் வந்தது. நோட்டு கிழிந்துவிட்டதால் புதிதாக ஒன்றில் படியெடுத்து, மேலும் பல பக்கங்கள் சேர்த்திருப்பதாக எழுதியிருந்தார். மூன்றாம் வரிசைப் பெண் பள்ளி இறுதி வகுப்பில் இருக்கிறாள் என்றும், இப்போதும் அதிகம் பேசுவதில்லை என்றும் ஒரு வரி இருந்தது. நான் நடத்திய கணிதத்தைப் பற்றி அவர் ஒன்றும் எழுதவில்லை. அது சரிதான். இரண்டு ஆண்டில் நான் விட்டு வந்தவற்றில் உருப்படியானது அந்த நோட்டு ஒன்றுதான்.

அன்புள்ள மாணவ மாணவியரே, உங்களுக்கு அறிவுரை சொல்லும் தகுதி எனக்கு உண்டோ இல்லையோ, ஒரு வேண்டுகோள் உண்டு. நம் கல்லூரி அறிவிப்புப் பலகையில் ஆண்டுதோறும் உதவித்தொகை அறிவிப்பு ஒட்டுகிறார்கள். கடைசித் தேதியும் போட்டிருக்கிறார்கள். அதைப் பார்க்கிறவர் பார்க்கிறார், கேட்கிறவர் கேட்கிறார். உங்கள் பெஞ்சின் ஓரத்தில் ஒருவர் இருப்பார். சரியான நேரத்துக்கு வருவார். யாரிடமும் அதிகம் பேச மாட்டார். ஒருநாள் வராமல் நின்றுவிடுவார். அவர் நின்ற பிறகு காரணம் விசாரிப்பதைவிட, அவர் இருக்கும்போதே, "படிவம் வாங்கிவிட்டாயா?" என்று ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள். அதற்குக் கடல் கடக்க வேண்டியதில்லை.